எந்திரம் எண்ணுகிறது, ஏழையின் படியேறுவது யார்?

தோலைப் பதமாக்கி, உலகத்தார் காலுக்குச் செருப்புத் தருகிற கை, அட்டையிலிருந்து மாத்திரை ஒன்றைப் பிதுக்கி எடுக்கிறது. மாத்திரை இருந்த இடத்துக்குப் பின்னால் தொலைபேசி எண் ஒன்று ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணைக் கைப்பேசியில் அழுத்துகிறார் பாட்டாளித் தோழர். அழைப்புப் போகிறது, யாரும் பேசுவதில்லை, பேசத் தேவையும் இல்லை. காசு ஒன்றும் குறைவதில்லை. எங்கோ இருக்கும் கணிப்பொறி ஒன்று குறித்துக்கொள்கிறது: இன்னார், இன்ன நாள், மாத்திரை விழுங்கினார்.

விந்தை என்கிறீர்களா, தோழர்களே? விந்தைதான், ஆனால் அமெரிக்காவில் நடந்த விந்தையல்ல. நமது வேலூரில், சென்னையில், மும்பையில் நடந்தது. காசநோய்க்காரர் மாத்திரை விழுங்கினாரா இல்லையா என்று கைப்பேசி வழியே கணக்கெடுக்கும் இந்த முறைக்குத் ‘தொண்ணூற்றொன்பது டாட்ஸ்’ என்று பெயர். பெங்களூரிலுள்ள மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அடுத்த மாத்திரைக்குப் பின்னால் எந்த எண் இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே அட்டையைப் பிரிக்காமல் ஏமாற்ற முடியாது. அழைப்பு வராத நாளில் நோயாளிக்கு நினைவூட்டல் போகும். சுகாதார ஊழியரின் பட்டியலில் அவர் பெயர் தனித்துத் தெரியும். ஒரு சாதாரணக் கைப்பேசி போதும். விலையுயர்ந்த கருவி வேண்டாம்.

இதற்கு முன் எப்படி இருந்தது என்பதை நினைத்தால்தான் இதன் அருமை தெரியும். 1997 முதல் இந்த நாட்டில் நடைமுறைக்கு வந்த முறையில், நோயாளி வாரம் மூன்று நாள் மையத்துக்குப் போக வேண்டும். ஊழியரின் கண்ணெதிரே மாத்திரையை வாயில் போட்டு விழுங்க வேண்டும். 2017இல் நாள்தோறும் மாத்திரை என்ற முறை நாடெங்கும் வந்தது. நோய் தீர்க்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் காலை எட்டு மணிக்குத் தோல் ஷாப்புக்குள் இருக்க வேண்டியவர், ஒன்பது மணிக்குத் திறக்கும் மையத்தின் வாசலில் நின்றால் அன்றைய கூலி என்னாகும்? அரை நாள் போகும். மேஸ்திரி முறைப்பார். மூன்றாவது வாரம், ‘உனக்குப் பதில் வேறு ஆள் வைத்துக்கொண்டேன்’ என்பார். நோய் தீர்வதற்குள் வேலை தீர்ந்துவிடும்! ஆகவே, ஆளை அலைக்கழிக்காமல் அழைப்பு ஒன்றால் காரியம் முடிகிறது என்றால் அதை வரவேற்பவர்களில் நாம் முதல் வரிசை. எந்திரம் என்றதும் முகம் சுளிக்கும் கூட்டமல்ல நமது இயக்கம். அறிவியல் எந்த வாசல் வழியாக வந்தாலும் வரவேற்கப் பழகியவர்கள் நாம்.

வரவேற்கிறோம். வரவேற்றுவிட்டு, சில கேள்விகளைக் கேட்கிறோம்.

கேள்விக்குப் போகுமுன் நோயைப் பற்றி நாலு வார்த்தை. காசநோய் விதியால் வருவதல்ல. முற்பிறவிப் பாவத்தால் வருவதல்ல. 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர், இதோ இந்தக் கிருமிதான் காரணம் என்று காட்டிவிட்டார். அதற்குப் பின்னும் மந்திரித்துக் கயிறு கட்டியவர்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது வேறு கதை! காற்றில் பரவும் கிருமி அது. ஒண்டுக் குடித்தனத்தில், சன்னலில்லாத அறையில், அரைவயிறு உண்டு உறங்கும் உடலில் அது செழிக்கிறது. உலகில் ஆண்டுதோறும் இந்த நோய்க்கு ஆளாகிறவர்களில் நான்கில் ஒருவர் இந்தியர். மருந்து இருக்கிறது. வழக்கமான வகை என்றால் ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. ஒழுங்காக உண்டால் தீரும்.

அந்த ‘ஒழுங்காக’ என்பதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. இரண்டு மாதத்தில் இருமல் அடங்குகிறது, காய்ச்சல் விடுகிறது, சோறு இறங்குகிறது. ‘நோய் போய்விட்டது, இனி எதற்கு மாத்திரை, அது வயிற்றைப் புரட்டுகிறது, சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது’ என்று தோழர் நிறுத்திவிடுகிறார். கிருமி சாகவில்லை, பதுங்கியிருக்கிறது. மறுபடி எழும்போது பழைய மருந்துக்கு அடங்காத முரட்டுக் கிருமியாக எழக்கூடும். வீட்டிலுள்ள குழந்தை அதை மூச்சோடு வாங்குகிறது. ஆகவே நோயாளியைக் கவனிப்பது என்பது அவர் ஒருவரை மட்டும் கவனிப்பதல்ல. அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் அத்தனை பேரையும் கவனிப்பது.

கைப்பேசியும் கணிப்பொறியும் இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? இந்தக் கதையைக் கழகத் தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். உலகத்துக்குச் சென்னை சொல்லிக்கொடுத்த பாடம் அது.

1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு - நான்கும் சேர்ந்து எழுப்பியது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். அந்நாளில் காசநோய் என்றால் சானடோரியம். மரத்தடி, தூய காற்று, முட்டை, பால், ஓய்வு. தாம்பரத்தில் 1928 முதல் ஒன்று இருந்தது. ஆனால் இலட்சக்கணக்கான ஏழைக்கு எங்கே போவது படுக்கை? சேத்துப்பட்டு மருத்துவர்கள், வாலஸ் பாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவரின் தலைமையில், துணிந்து ஒரு சோதனை செய்தார்கள். சென்னையின் ஏழைக் குடும்பத்து நோயாளிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறுபகுதியினருக்கு அவர்கள் குடிசையிலேயே அதே மருந்தைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிந்தது. சானடோரியத்தில் இருந்தவர் நன்றாக உண்டார், ஓய்ந்திருந்தார். குடிசையில் இருந்தவர் குறைவாக உண்டார், நெரிசலில் படுத்தார், வேலைக்கும் போனார். முடிவு? இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினார்கள்! குடிசையில் உடனிருந்த மனைவி மக்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றியதா என்று ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தார்கள், அதுவும் இல்லை. 1959இல் இந்த முடிவு வெளியானபின், உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

குடிசையில் கிடந்த நோயாளி மாத்திரை தின்றாரா என்று எப்படித் தெரிந்தது? செவிலியர் நடந்தார்கள். முன்னறிவிப்பில்லாமல் கதவைத் தட்டினார்கள். மிச்சமுள்ள மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கிச் சோதித்தார்கள். ‘நேற்று ஏன் வரவில்லை?’ என்று கேட்டார்கள். குழந்தைக்கு இருமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். கண்காணிப்புத்தான் இதுவும். ஆனால் கண்காணிப்புக்குக் கால் இருந்தது, வாய் இருந்தது, ‘என்னம்மா, சாப்பிட்டாயா?’ என்று கேட்கும் நெஞ்சு இருந்தது. அந்தக் காலின் வேலையில் ஒரு பகுதியைத்தான் இன்று கைப்பேசியிடம் ஒப்படைக்கிறார்கள்.

ஒப்படைத்ததில் என்ன நடந்தது? 2020இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. சேத்துப்பட்டு நிறுவனத்தைச் சேர்ந்த பீனா தாமசும் அவருடைய தோழர்களும் நடத்தியவை. ஒன்றில், வேலூரிலும் சென்னையிலும் எச்.ஐ.வி.யோடு காசநோயும் சேர்ந்து வாட்டிய நோயாளிகளிடமும், மும்பை நோயாளிகளிடமும், மருத்துவ ஊழியர்களிடமும் உட்கார்ந்து பேசினார்கள். மற்றொன்றில், கைப்பேசிக் கணக்கையும் நோயாளியின் சிறுநீரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கணக்கு ஒன்று சொன்னது. சிறுநீர் வேறொன்று சொன்னது! மாத்திரை விழுங்கியும் அழைக்காதவர் நிறைய. அழைத்துவிட்டு விழுங்காதவரும் உண்டு. நாளாக ஆக அழைப்புக் குறைந்தது. அழைப்பு வராத நாளை, விசாரித்து ஊழியரே கணக்கில் ஏற்றவும் அந்த முறையில் இடம் உண்டு. மொத்தத்தில், யார் மருந்தை விட்டார் என்று கண்டுபிடிக்கும் திறமை அந்தக் கணக்குக்கு எதிர்பார்த்த அளவு இல்லை.

காரணம் என்ன? நோயாளி சோம்பேறி என்பார் மாடி வீட்டு மேதை. காரணம் அதுவல்ல. கைப்பேசி கையில் இல்லாமை, எண்ணைப் படிக்கத் தெரியாமை, சிக்னல் கிடைக்காமை, அடுத்தவர் பார்த்துவிடுவாரோ என்ற அச்சம் - ஆய்வு சொன்ன தடைகள் இவை. இவற்றைப் புரிந்துகொள்ள நமக்கு ஆய்வுக்கூடம் எதற்கு? நமது தெருவே போதும். வீட்டில் கைப்பேசி ஒன்று. அதைப் பையன் பாடத்துக்கென்று எடுத்துப் போயிருப்பான். அல்லது கணவர் வேலைக்குக் கொண்டுபோயிருப்பார், மாத்திரை விழுங்க வேண்டியவர் வீட்டில் பீடி சுற்றும் மனைவியாக இருப்பார். அல்லது ஷூ கம்பெனியின் வாசலிலேயே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். காட்பாடியிலிருந்து விடியற்காலை வண்டி பிடித்து, இலத்தேரி, குடியாத்தம், மேல்பட்டி கடந்து ஆம்பூரில் இறங்கும் தோழர், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, பக்கத்திலிருப்பவர் எட்டிப் பார்க்க, காசநோய் மாத்திரை அட்டையை எடுத்துப் பிரித்து எண்ணைப் பார்த்து அழைப்பாரா? அவருக்கு உள்ள பயமெல்லாம் நோயைப் பற்றியதல்ல. செய்தி மேஸ்திரி காதுக்குப் போய்விடக் கூடாது, வீட்டுக்காரர் காதுக்குப் போய்விடக் கூடாது, மகளுக்குப் பேசி வைத்திருக்கும் சம்பந்தி காதுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான்.

நோய்க்கு வெட்கப்பட வைத்த சமுதாயம் இது. இதே காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி இருக்கிறது. தொழுநோய்க்காரரை ஊருக்கு வெளியே துரத்திய காலத்தில், 1955 முதல் அவர்களை மனிதராக நடத்திய மருத்துவமனை அங்கே இருக்கிறது. நோயைவிட ஊர்வாய் கொடிது என்பதைக் கண்ணால் கண்ட மண் இது. இதே வேலூரில்தான், 1973ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தந்தை பெரியார் கண்மூடினார். தள்ளாத வயதில், சிறுநீர் கழிக்கக் குழாய் வைத்துக்கொண்டு, அதன் கலத்தையும் உடன் சுமந்துகொண்டு ஊர் ஊராக மேடையேறினாரே, அவர் என்ன மறைத்தாரா? வெட்கப்பட்டாரா? உடலுக்கு நோய் வரும், வந்தால் மருத்துவம் பார்க்க வேண்டும், வேலையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அவர் பெயரைச் சொல்லும் தோழர்கள், பக்கத்து வீட்டில் ஒருவர் இருமினால் தம் குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தலாமா? சளிச் சோதனைக்கு அவரை அழைத்துக்கொண்டு போக வேண்டாமா?

ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை நாம் மறைக்கப் போவதில்லை. அந்தக் கைப்பேசி முறையை விரும்பிய நோயாளிகளும் இருந்தார்கள். ஏன் விரும்பினார்கள்? எந்திரத்தின் அழகுக்காகவா? இல்லை. நாம் அழைக்கிறோம், அதை ஒருவர் பார்க்கிறார், அழைக்காவிட்டால் ஏனென்று கேட்க ஒருவர் இருக்கிறார் என்று, ஊழியரோடு உறவு நெருங்கிய இடத்தில்தான் அது பிடித்துப்போனது.

சீனத்திலும் இதே பாடம். 2015இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஒரு சாராருக்கு வெறும் குறுஞ்செய்தி அனுப்பினார்கள்: ‘மாத்திரை சாப்பிடு’. பயன் தெரியவில்லை. இன்னொரு சாராருக்கு மாத்திரைப் பெட்டி ஒன்று கொடுத்தார்கள்; திறக்கும் நாளையெல்லாம் குறித்துக்கொண்டு, வேளை வந்தால் ஒலியெழுப்பும் பெட்டி. மாதத்துக்கொரு முறை அந்தக் குறிப்பை மருத்துவர் நோயாளியோடு சேர்ந்து பார்த்தார். தவறிய நாள் மிகுந்தால் கூடுதல் கவனிப்பு வந்தது. அங்கே மருந்து தவறும் நாள் குறைந்தது. மாத்திரை சாப்பிடு என்று எந்திரத்தைக் கொண்டு சொல்வது எளிது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பதற்கு மனிதர் வேண்டும்.

ஆகவே நமது முதல் கேள்வி: அழைப்பு வரவில்லை என்று எந்திரம் சிவப்பு விளக்கு எரிக்கிறது, அடுத்த நாள் காலை அந்த வீட்டின் படியேறுவது யார்? கையில் பட்டியலோடு ஓர் ஊழியர் இருக்கிறார். அவர் பகுதி எவ்வளவு பெரியது, அவருக்கு வண்டி உண்டா, பெட்ரோலுக்குப் பணம் உண்டா, அவர் நிரந்தர ஊழியரா, ஒப்பந்த ஊழியரா என்று கேட்காமல், ‘எல்லாம் கணினிமயம்’ என்று மார்தட்டுவது, தாகத்தில் தவிப்பவனுக்குக் கிணற்றின் படத்தைக் காட்டுவது போன்றது.

இரண்டாவது கேள்வி: அந்தப் பட்டியலை யார் யார் பார்க்கலாம்? செவிலி பார்க்க வேண்டும், மருத்துவர் பார்க்க வேண்டும். கம்பெனி நிர்வாகி பார்க்கலாமா? கூடாது. காண்ட்ராக்டர் பார்க்கலாமா? கூடவே கூடாது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகளுக்குள் திருடர்கள் நுழைந்துவிட்டார்கள். நாட்டின் தலைசிறந்த மருத்துவமனை பல நாள் காகிதத்திலும் பேனாவிலும் வேலை பார்த்தது. தலைநகரத்துக் கோட்டையே அப்படியென்றால், ஊர்ப்புற நிலையத்துக் கைப்பேசியில் கிடக்கும் நம் தோழரின் பெயருக்கு எவ்வளவு காவல்? 2023இல் தனிமனிதர் விவரக் காப்புச் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டம் இருக்கட்டும். பெயர் வெளியே போனதால் வேலை போன பாட்டாளிக்கு அந்த வேலையை யார் திருப்பித் தருவது?

காசநோய்க்காரரின் பெயர் ஏறுகிற ஒன்றிய அரசின் கணினிப் பதிவேட்டுக்கு ‘நிக்ஷய்’ என்று பெயர். 2012இல் வந்தது. க்ஷயம் ஒழிக என்பது பொருளாம்! காட்பாடியில் தோல் தேய்க்கும் தோழருக்கு இது விளங்குமா? அவருக்குத் தரும் உதவித்தொகைக்குப் பெயர் ‘நிக்ஷய் போஷண் யோஜனா’. உச்சரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிடும். ‘ஊட்டச்சத்து உதவி’ என்று தமிழில் எழுதினால் பணம் குறைந்துவிடுமா? போகட்டும். பெயரில் சண்டை, பயனில் சண்டையில்லை. இந்தப் பதிவேட்டால் நமக்கு ஒரு நன்மை உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. வீடு காட்பாடியில், அது வேலூர் மாவட்டம். வேலை ஆம்பூரில், அது திருப்பத்தூர் மாவட்டம். அல்லது இராணிப்பேட்டையில், அது தனி மாவட்டம். பழைய காலமாக இருந்தால், எந்த ஊர் மையம் எந்த ஊர் நோயாளிக்கு மருந்து தருவது என்ற வழக்கிலேயே ஆறு மாதம் ஓடியிருக்கும். இன்று நோயாளியின் எண் ஒன்றே. ஊர் மாறினால் பதிவை மாற்றிக்கொடுக்க முடியும். வேலை தேடி ஊர் மாறும் பாட்டாளிக்கு இது பெரிய காரியம்.

அந்த உதவித்தொகை 2018 ஏப்ரலில் தொடங்கும்போது மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். நாளைக்கு 33 ரூபாய்! வங்கிக் கணக்கில் நேரே விழும் என்கிறார்கள். கணக்கு இருந்தால் விழும். ஆதாரும் கணக்கும் பொருந்தினால் விழும். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால், எழுத்தைத் திருத்தும்வரை வயிறு காத்திருக்க வேண்டும்.

சோறும் மருந்துதான் என்பதற்குச் சான்று வேண்டுமா? 2023இல் ஜார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு வெளியானது. காசநோய்க்காரரின் குடும்பத்தார்க்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கூடவே சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்ட குடும்பங்களில், கொடுக்கப்படாத குடும்பங்களைவிட, புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது. நோயாளியும் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடினால் பிழைக்கும் வாய்ப்புக் கூடுவதைக் கண்டார்கள். அரிசியும் பருப்பும், தோழர்களே! எந்தக் கணிப்பொறியும் கண்டுபிடித்ததல்ல. நோயாளியின் பெயர் பதிவேட்டில் ஏறிய அதே நிமிடம், அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டையில் பருப்பும் எண்ணெயும் கூடுதலாக ஏறும்படி செய்ய எந்திரத்தால் முடியாதா? முடியும். ரேஷன் கடையும் கணினியில்தான் ஓடுகிறது, காசநோய்ப் பதிவேடும் கணினியில்தான் ஓடுகிறது. இரண்டையும் பேசவைக்கச் சொல்கிறோம். நோயாளி மாத்திரை தின்றாரா என்று கண்காணிக்கத் தெரிந்த எந்திரம், அவர் வீட்டு அடுப்பு எரிந்ததா என்றும் கொஞ்சம் கவனிக்கட்டுமே!

தமிழகத்தில் வழி தெரியாமல் இல்லை. 2022இல் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. நோய் உறுதியானவுடன் மூன்று காரியம் பார்க்கிறார்கள்: எடை மிகவும் குறைந்து எலும்பாகிவிட்டாரா, மூச்சு வாங்குகிறதா, பிறர் துணையின்றி நிற்க முடிகிறதா. இதற்கு எக்ஸ்ரே வேண்டாம், பேராசிரியர் வேண்டாம். எடைக் கருவியும் விரலில் மாட்டும் கருவியும் பார்க்கும் கண்ணும் போதும். ஆபத்தான நிலையிலிருப்பவரின் விவரம் ‘டி.பி. சேவா’ என்ற கணினிச் செயலியில் ஏறுகிறது. ஏறியவுடன் கேள்வி எழுகிறது: இவரை மருத்துவமனையில் சேர்த்தாயிற்றா? எத்தனை நாளில் சேர்த்தாய்? 2025இல், இறப்பு வாய்ப்பு எவ்வளவு என்று கணித்துச் சொல்லும் கணக்கையும் அதில் சேர்த்தார்கள். சென்னையிலுள்ள தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனம் இதற்குத் துணை நின்றது. பாருங்கள் வேறுபாட்டை! இங்கே எந்திரம் நோயாளியைப் பார்த்து ‘ஏன் தவறினாய்’ என்று கேட்கவில்லை. அரசைப் பார்த்து, ‘ஏன் இன்னும் படுக்கை தரவில்லை’ என்று கேட்கிறது. இந்தத் திசையில் திரும்பிய கண்காணிப்புத்தான் நமக்கு வேண்டும்.

அதற்கு முந்திய ஆண்டு, 2021 ஆகஸ்டு 5ஆம் நாள், கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் கழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து வீட்டு வாசலுக்கே வந்தது. படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்குள்ளேயே வந்தன. கையில் அழுத்தம் பார்க்கும் கருவி, தோளில் பை, கைப்பேசியில் பட்டியல் - நம் வீட்டுப் பெண்களே தன்னார்வலர்களாகத் தெருத் தெருவாக நடந்தார்கள். 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் அதைத் தேடி வந்தது. சேத்துப்பட்டுச் செவிலியர் 1956இல் நடந்த நடைதான் அது. கூடவே பட்டியலைச் சுமக்க எந்திரம் ஒன்று வந்துசேர்ந்தது. பெருமைப்படுகிறோம். பெருமைப்படுகிற உரிமையோடுதான் கேட்கிறோம்: நடக்கிற அந்தப் பெண்ணுக்குத் தருவது ஊதியமல்ல, மதிப்பூதியம். ஊர் நோயையெல்லாம் பட்டியலில் சுமப்பவரின் வீட்டில் அரிசிப் பானை என்ன நிலையில் இருக்கிறது என்று எந்தச் செயலியில் பதிவாகிறது?

இனி, நமது தொழிலாளர் தோழர்களுக்குத் தனியே ஒரு செய்தி. இதைப் படித்துவிட்டுப் பக்கத்திலிருப்பவருக்கும் சொல்லுங்கள். கைப்பேசியைவிட வேகமாகச் செய்தி பரப்புவது தேநீர்க் கடைதான். ஈ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளிக்குச் சாதாரண நோய் என்றால், ஆண்டில் 91 நாள்வரை கூலியில் நூற்றுக்கு 70 பங்கு கிடைக்கும். காசநோய் நீண்ட நாள் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. குறிப்பிட்ட காலம் வேலையில் இருந்து சந்தா கட்டியவருக்கு, இந்த நோய்க்காக நூற்றுக்கு 80 பங்கு கூலி, இரண்டாண்டு வரைகூடக் கிடைக்க வழி உண்டு. ஆறு மாத மருந்துக்கு இது தாராளம்! இதைத் தெரிந்திருந்தால், இருமலை மறைத்துக்கொண்டு சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குவாரா ஒருவர்? தெரியவில்லை, சொல்லுவார் இல்லை. தெரிந்தாலும், காண்ட்ராக்டில் இருப்பவருக்கு அட்டையே இல்லை. கூலியில் சந்தாவைப் பிடித்துக்கொண்டு, கட்டாமல் விடும் காண்ட்ராக்டரும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து மேல்தோல் தைக்கும் பெண்களை எந்தப் பதிவேட்டிலும் காணோம். சந்தா கட்டப்பட்டதா என்று இப்போது தொழிலாளியே தன் காப்பீட்டு எண்ணைக் கொண்டு கணினியில் பார்த்துக்கொள்ள முடியும். நோயாளியைக் கண்காணிக்கும் எந்திரத்தைப் பற்றி இத்தனை பேசினோமே, முதலாளியைக் கண்காணிக்கும் எந்திரமும் நம் கையிலேயே இருக்கிறது!

காட்பாடி, விருதம்பட்டு, சேனூர், இலத்தேரி, கீழ்வைத்தியணான்குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் கிளைக் கழகத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கிளையிலும் படித்த இளைஞர் இருவர், ஞாயிற்றுக்கிழமை காலை மன்றத்தில் கைப்பேசியோடு உட்காரட்டும். காப்பீட்டு எண்ணைக் கொண்டுவரும் தோழருக்குச் சந்தா ஏறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். ஏறாதவர்களின் கம்பெனி, காண்ட்ராக்டர், மாதம் ஆகியவற்றை நோட்டில் எழுதட்டும். உதவித்தொகை வராத நோயாளி வந்தால் வங்கிக் கணக்கின் பெயரையும் ஆதாரின் பெயரையும் ஒப்பிட்டு, திருத்த மனு எழுதிக் கொடுக்கட்டும். யார் நோயாளி, யார் வெறுமனே விசாரிக்க வந்தவர் என்று அடுத்த தெருவுக்குத் தெரிய வேண்டியதில்லை; ஆகவே சந்தா நோட்டு வேறு, உதவித்தொகை நோட்டு வேறு, இரண்டாவது நோட்டில் பெயருக்குப் பதில் எண் மட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர் என்றால் ஞாயிறு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மறுநாள் காலையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடன் செல்லுங்கள். சளிச் சோதனைக்குக் கட்டணம் இல்லை, மருந்துக்கும் இல்லை. சந்தா ஏறாதவர்களின் பட்டியல், மாதக் கடைசிக்குள் தொழிற்சங்கத் தோழர்கள் வழியாக ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்; பெற்றுக்கொண்டதற்கு முத்திரையுடன் கையெழுத்து வாங்கி வையுங்கள்.